மே மாதத்துச் சாக் குன்றுகள்: எந்தச் சரிவில், எந்தப் பூவில், எதைத் தேடுவது?

#1 நெடுந்தீவான்

எல்லாருக்கும் வணக்கம். தெற்கு லண்டன் குரோய்டனில இருந்து கார் இல்லாமல் போய்வரக்கூடிய சோக் (சாக் எண்ட வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை) புல்வெளி ஒண்டில, மே மாதச் சனிக்கிழமை ஒண்டை முழுசாச் செலவழிக்க யோசனை. டியூக் ஒஃப் பர்கண்டி, அடோனிஸ் ப்ளூ எண்ட இரண்டு வண்ணத்துப்பூச்சிகளையும் ஒரே நாளில பாக்கேலுமோ? எந்தக் கிழமை, எத்தனை மணி, எப்பிடிக் காலநிலை எண்டு விளக்கமாச் சொல்லுங்கோ. கையில 8×42 பைனாகுலரும் 100 மிமீ மக்ரோ லென்ஸும் இருக்கு. பூக்களைப் பற்றித் தெரிஞ்சது குறைவு.

#2 சரிவுநடை

ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். டியூக் ஏப்ரல் கடைசியில் பறக்கத் தொடங்கி மே முதல் பாதியில் உச்சத்துக்கு வரும். 20ஆம் தேதி தாண்டினால் சிறகு கிழிந்த, நிறம் வெளுத்தவைதான் மிஞ்சும். அடோனிஸின் முதல் தலைமுறையில் ஆண்கள் மே நடுவில் தலைகாட்டும். உச்சம் மே கடைசியும் ஜூன் முதல் வாரமும். தவறவிட்டால் ஆகஸ்ட், செப்டம்பரில் இரண்டாம் தலைமுறை வரும். டியூக்குக்கு அந்த இரண்டாம் வாய்ப்பு இங்கே அநேகமாகக் கிடையாது. ஆகவே மே முதல் பாதியில் போனால் டியூக், கடைசியில் போனால் அடோனிஸ். ஏப்ரல் குளிராக இருந்தால் இரண்டுமே ஒரு வாரம், பத்து நாள் பின்னே தள்ளும்.

தேதி மட்டும் தடை இல்லை. இரண்டுக்கும் வேண்டிய சரிவே வேறு. சாக் மேல் மண் பல இடங்களில் ஒரு சாண் ஆழம்கூட இருக்காது. மழை விழுந்தால் கீழே உள்ள வெள்ளைப் பாறைக்குள் இறங்கிவிடும், தழைச்சத்தும் குறைவு. தெற்கு நோக்கிய சரிவில் வெயில் நேராக விழுவதால் தரை சூடேறும். அடோனிஸ் கேட்பது அதைத்தான். டியூக்கின் புழு தின்னும் கௌஸ்லிப் என்ற மஞ்சள் பூச்செடியின் இலை அதே சரிவில் ஜூலைக்குள் மஞ்சளாகிக் காய்ந்துவிடும். அதனால் சாக்கில் டியூக் இன்று பெரும்பாலும் வடக்கு, மேற்கு நோக்கிய சரிவுகளிலும், புதர் ஓரங்களிலும், பழைய சாக் குழிகளிலும் ஒதுங்கியிருக்கிறது. மேற்கு சசெக்ஸில் ஹேஷாட் வடசரிவு, ஹாம்ப்ஷயரில் செல்போர்னுக்குப் பக்கத்தில் நோர் ஹில்லின் இடைக்காலச் சாக் குழிகள் இரண்டும் பேர்போன இடங்கள்.

காலநிலைக்கு, நாட்டின் வண்ணத்துப்பூச்சிக் கணக்கெடுப்புத் திட்டம் 1976 முதல் வைத்திருக்கும் விதிகளையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 13 டிகிரிக்குக் கீழே எண்ண வேண்டாம். 13 முதல் 17 வரை என்றால் குறைந்தது 60 சதவீத நேரம் வெயில் வேண்டும். 17க்கு மேல் மேகமூட்டம் பரவாயில்லை. காற்று, பியூஃபோர்ட் காற்றளவையில் 5ஐத் தாண்டக் கூடாது. நேரம் 10:45 முதல் 15:45 வரை. இது எண்ணுகிறவர்களுக்கான விதி. பார்க்கிறவர்களுக்கு இதற்கு முன்னும் பின்னும்கூட நல்ல நேரம் உண்டு. வானிலை அறிக்கையில் வெப்பத்தைவிடக் காற்றை முதலில் பாருங்கள். 18 டிகிரியில் பலத்த மேற்குக் காற்று அடித்தால் மேற்குச் சரிவில் ஒன்றும் எழும்பாது. அப்போது குழிக்குள்ளோ புதருக்குக் கிழக்குப் பக்கமோ போய்த் தேட வேண்டும்.

#3 கெண்ட்_தும்பை

தம்பி, கார் இல்லையென்றால் நோர் ஹில் கொஞ்சம் சிரமம். ஆல்டன் வரை ரயில், அங்கிருந்து செல்போர்னுக்குப் பஸ், அதன்பிறகு இரண்டு மூன்று கிலோமீட்டர் நடை. சனிக்கிழமை கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடோனிஸுக்கு டோர்க்கிங் போதும். கிளாப்பம் ஜங்ஷனில் மாறி இறங்கினால், ரான்மோர் பக்கமாக ஏறி டென்பிஸ் ஹில்சைடு. நேஷனல் டிரஸ்ட் நிலம், தெற்கு நோக்கிய நீளச் சரிவு. ஓஎஸ் எக்ஸ்புளோரர் 146ஆம் வரைபடத்தில் இருக்கிறது.

அதற்கெல்லாம் முன்னால், உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே ஹட்சின்சன்ஸ் பேங்க் இருக்கிறதே. நியூ ஆடிங்டன் டிராமில் ஏறி இறங்கி நடந்தால் லண்டன் வைல்ட்லைஃப் டிரஸ்டின் சாக் சரிவு. டியூக் அங்கே கிடையாது. ஆனால் ஸ்மால் ப்ளூ, டிஞ்சி ஸ்கிப்பர், கிரிஸில்ட் ஸ்கிப்பர், கிரீன் ஹேர்ஸ்ட்ரீக் நான்கும் மே மாதத்தில் உண்டு. கண் பழகுவதற்கு அதைவிட வசதியான இடம் தெற்கு லண்டனில் எனக்குத் தெரிந்து இல்லை.

#4 பூச்சிப்பித்தன்

அடோனிஸைத் தேடிப் போறவங்க பாதிப்பேர் காமன் ப்ளூவைப் படம் எடுத்துட்டு அடோனிஸ்னு போடுவாங்க. நிறத்தை நம்பாதீங்க. அடோனிஸ் ஆண் பளீர்னு வெளிர்நீலம், காமன் ப்ளூ ஆண் கொஞ்சம் ஊதா கலந்த நீலம்னு புத்தகத்துல போட்டிருக்கும். வெயில் கோணம் மாறினா இரண்டும் ஒண்ணாத் தெரியும். பார்க்க வேண்டியது இறகோட வெள்ளை விளிம்பு. அடோனிஸுக்கு நரம்போட கறுப்பு முனை அந்த வெள்ளையை வெட்டிக்கிட்டு வெளிய வரும், கட்டம் போட்ட கரை மாதிரி. காமன் ப்ளூவுக்கு விளிம்பு கோடே இல்லாத சுத்த வெள்ளை. ரொம்பப் பழசான பூச்சியில விளிம்பே தேஞ்சு போயிருக்கும், அதை விட்டுட்டு அடுத்ததைப் பாருங்க.

பெண்தான் தலைவலி, ஏன்னா எல்லாமே பழுப்பு. ஆனா மே மாசம் ஒரு சலுகை இருக்கு: கட்டம் போட்ட விளிம்பு உள்ள இன்னொரு நீலனான சாக்ஹில் ப்ளூ ஜூலையிலதான் வரும். அதனால மே மாசம் இந்தக் குன்றுகள்ல விளிம்பு கட்டம் போட்ட பழுப்பு நீலன் பெண்ணா இருந்தா அது அடோனிஸ். அதே பெண் ஆகஸ்ட்ல வந்தா இவ்வளவு சுலபமாச் சொல்ல முடியாது.

காமன் ப்ளூ பெண்ணோட குழம்பற பிரவுன் ஆர்கஸ்ல ஆணும் பெண்ணும் பழுப்பு. மேல ஒரு நீலச் செதில்கூட இருக்காது. இறகை மூடி உட்கார்ந்தா அடிப்பக்கம் பாருங்க. காமன் ப்ளூவுக்கு முன்னிறகு அடியில உடம்புக்குக் கிட்ட ஒரு புள்ளி கூடுதலா இருக்கும், ஆர்கஸுக்கு அது இல்லை. ஆர்கஸோட பின்னிறகு மேல்விளிம்புல இரண்டு புள்ளி நெருங்கி முக்காற்புள்ளி மாதிரி நிக்கும்.

ஹாலி ப்ளூ புதர் உயரத்துல, மர உயரத்துலயே சுத்தும். அடிப்பக்கம் வெள்ளி கலந்த வெளிர்நீலம், சின்னக் கறுப்புப் புள்ளிகள், ஆரஞ்சே கிடையாது. ஸ்மால் ப்ளூவுக்கும் அடிப்பக்கம் கிட்டத்தட்ட அதேதான், ஆனா மேல்பக்கம் புகைக்கறுப்பு, ஆணுக்கு மட்டும் லேசா நீலத்தூள். இரண்டு செண்டிமீட்டர் சொச்சம்தான் இறகு விரிப்பு, பிரிட்டன்லயே சின்ன வண்ணத்துப்பூச்சி. பறந்தா ஈன்னு நினைச்சு விட்டுடுவீங்க.

அப்புறம் டிஞ்சி ஸ்கிப்பர். பழுப்பும் சாம்பலுமா இருக்கறதால இதை அந்துப்பூச்சின்னு தள்ளிடுவாங்க, அந்துப்பூச்சியை இதுன்னு சொல்லிடுவாங்க. அதே நேரம், அதே புல்லுல பகல்ல பறக்கற அந்துப்பூச்சி இரண்டு: பர்னெட் கம்பேனியன், மதர் ஷிப்டன். பர்னெட் கம்பேனியன் பறக்கும்போது பின்னிறகுல ஆரஞ்சு மஞ்சள் பட்டை மின்னும். மதர் ஷிப்டனுக்கு முன்னிறகுல வளைஞ்ச மூக்குக் கிழவி முகம் மாதிரி ஒரு கோலம். ஸ்கிப்பருக்கு உணர்கொம்பு நுனி குண்டா இருக்கும், இதுங்களுக்கு நூல் மாதிரி. சந்தேகம் வந்தா கொம்பைப் பாருங்க.

#5 நெடுந்தீவான்

அண்ணை, விளிம்பு விசயம் நல்லா விளங்கீட்டுது. ஆனால் பூ விளங்கினால்தானே எங்க நிண்டு பாக்கிறது எண்டு தெரியும். மஞ்சள் பூ எல்லாம் எனக்கு ஒண்டு போலத்தான் கிடக்கு. கௌஸ்லிப் எண்டது மட்டும் தெரியும். ஆயிரக்கணக்கில கௌஸ்லிப் பூத்த வெளியில டியூக் நிக்கும்தானே?

#6 கெண்ட்_தும்பை

கௌஸ்லிப் கேள்வியை ஆட்டுப்பட்டி வந்து சொல்லட்டும், அது அவர் பேட்டை. மஞ்சளை நான் பிரித்துத் தருகிறேன்.

அவரைக் குடும்பத்து மஞ்சள் மூன்று. ஹார்ஸ்ஷூ வெட்ச்: தரையோடு படரும், ஒரு தண்டின் நுனியில் ஐந்து முதல் எட்டுப் பூக்கள் வட்டமாக நிற்கும், இலை ஒரு காம்பில் பல ஜோடிச் சிற்றிலைகள். காய் வந்தபின் சந்தேகமே வராது, லாடம் லாடமாகக் கோத்த மாதிரி நெளிந்திருக்கும். அடோனிஸ் புழு இதைத் தவிர வேறெதையும் தின்னாது. பேர்ட்ஸ்-ஃபுட் டிரெஃபாயில்: பூ ஒத்துப்போகும், ஆனால் மொட்டில் சிவப்பு ஓடும், சிற்றிலை ஐந்துதான், மூன்று மேலே, இரண்டு காம்படியில். காமன் ப்ளூ, டிஞ்சி ஸ்கிப்பர், கிரீன் ஹேர்ஸ்ட்ரீக் மூன்றுக்கும் சாப்பாடு. கிட்னி வெட்ச்: அடர்ந்த தலைப்பூ, பெரும்பாலும் இரட்டையாக, பூவின் அடியில் வெள்ளைக் கம்பளி சுற்றினது போலிருக்கும், நுனிச் சிற்றிலை மற்றவற்றைவிடப் பெரிது. இது ஸ்மால் ப்ளூவுக்கு.

ஸ்மால் ப்ளூவைப் பறக்கும்போது பிடிக்க முடியாவிட்டால் முட்டையைத் தேடுங்கள். கிட்னி வெட்ச் தலையில் பூக்களுக்கு இடையே, குண்டூசித் தலை அளவில் வெளிர்ந்த தட்டை வட்டம். பூவைப் பிய்க்காமல் ஒரு விரலால் லேசாக விலக்கினாலே தெரியும். ஒரு தலைக்கு வழக்கமாக ஒன்றுதான். இரண்டு புழுக்கள் ஒரே தலையில் பொரித்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். கிட்னி வெட்ச் சில ஆண்டுகளே வாழும் செடி, முளைக்கக் கட்டாந்தரை வேண்டும். புல் மூடினால் செடி போகும், செடியோடு பூச்சியும் போகும். ஹட்சின்சன்ஸ் பேங்கில் மேல்மண்ணைச் சுரண்டி வெள்ளைச் சாக்கை வெளியே காட்டியிருப்பது இதற்குத்தான். யாரோ நிலத்தைப் பாழாக்கிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

மஞ்சளை விட்டு வெளியே வந்தால், தீவிர நீலத்தில் விரல் உயரத்துக்கு நிற்பது சாக் மில்க்வோர்ட். தண்டு கிளம்பும் இடத்துக்குச் சற்று மேலே பெரிய இலைகள் ஒரு கொத்தாக இருந்தால் அதுதான். சாதாரண மில்க்வோர்ட்டுக்கு அந்தக் கொத்து கிடையாது. சாலட் பர்னெட் இலையைக் கசக்கினால் வெள்ளரிக்காய் மணக்கும். பூவே இல்லாத நாளிலும் அதை வைத்துச் சாக் புல்லைக் கண்டுபிடிக்கலாம். நல்ல நிலத்தில் ஒரு சதுர மீட்டரில் 40 இனம் வரை எண்ண முடியும். மண் ஏழையாக இருப்பதால்தான் இவ்வளவு. உரம் போட்டால் இரண்டு மூன்று முரட்டுப் புல் மட்டும் தழைத்து மீதியை அமுக்கிவிடும்.

#7 ஆட்டுப்பட்டி

கௌஸ்லிப் ஆயிரம் இருந்தாலும் டியூக் நிற்காது. மேய்ச்சல் ஒட்ட நடந்த திறந்த வெளியில் கௌஸ்லிப் நிறையப் பூக்கும், இலை மட்டும் சிறுத்துத் தரையோடு ஒட்டிக் கிடக்கும். டியூக் பெண் முட்டையிடத் தேடுவது புல்லுக்கு நடுவே நிமிர்ந்து வளர்ந்த, அகல இலையுள்ள, பாதி நிழல் விழும் செடியை. ஒன்று முதல் எட்டு வரை இலை அடியில் வைக்கும். புழு பகலில் கீழே ஒளிந்து இரவில் தின்னும். ஜூன் கடைசியில் போய் இலையைப் பாருங்கள்: நரம்பை விட்டுவிட்டு நடுவில் மட்டும் சல்லடையாகத் துளை இருந்தால் டியூக். ஓரத்தையும் நரம்பையும் சேர்த்துக் கடித்திருந்தால் நத்தை. பூச்சி பறக்கிற நாள் தவறிப்போனவர்கள் இந்தத் துளையை வைத்தே இருப்பை உறுதிசெய்கிறார்கள்.

மே மாதம் பார்ப்பதென்றால் ஆணைத் தேடுங்கள். இடுப்புயரப் புதர், அதன் முன்னால் காற்றுப்படாத ஒரு சிறு வளைவு, அதில் ஒரு நீட்டு இலை. அங்கே உட்கார்ந்து கடக்கிற எல்லாவற்றையும் விரட்டும், திரும்ப அதே இலைக்கே வரும். ஒன்றைக் கண்டால் துரத்தாதீர்கள், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள். காலை 9:30 முதல் நண்பகல் வரை நல்ல நேரம். ஆண் நான்கு காலில் நிற்கும், முன்கால் இரண்டும் சிறுத்தவை. பெண்ணுக்கு ஆறும் வேலை செய்யும். படத்தில் கால் தெரிந்தால் ஆணா பெண்ணா என்று பிரித்துவிடலாம்.

ஒரு கூடுதல் தகவல்: ஐரோப்பா முழுவதிலும் ரியோடினிடே குடும்பத்தில் இது ஒன்றுதான். தமிழ்நாட்டுக் காடுகளில் பிளம் ஜூடி பார்த்தவர்களுக்கு அதே குடும்பம் ஏற்கெனவே பழக்கம்.

#8 பூச்சிப்பித்தன்

ஆட்டுப்பட்டி அண்ணா, அப்போ மேய்ச்சலே வேண்டாம்னு சொல்றீங்களா? மேய்ச்சல் நின்னதாலதானே அடோனிஸ் ஒழிஞ்சுது. 1953ல மிக்ஸொமடோசிஸ்ங்கற நோய் வந்து முயல் செத்துச்சு, ஆட்டு மந்தையும் அதுக்கு முன்னயே குறைஞ்சாச்சு, புல் வளர்ந்து புதர் மூடிருச்சு. இதைச் சொல்லாம டியூக்குக்குப் புதர் வேணும்னு மட்டும் சொன்னா, புதர் வெட்டற தன்னார்வலர்களை ஜனங்க திட்டுவாங்க.

#9 ஆட்டுப்பட்டி

வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒரே அளவில் வேண்டாம் என்கிறேன். அடோனிஸுக்குப் புல் 1 முதல் 4 செண்டிமீட்டர். அதற்கு மேல் போனால் தரை குளிர்ந்து, புழுவுக்குக் காவல் நிற்கும் எறும்புகளும் குறையும். எறும்பு புழுவிடமிருந்து தேன் வாங்கிக்கொண்டு அதை மண்ணால் மூடிக்கூட வைக்கும். அந்த எறும்பு சூட்டை விரும்பும் இனம். டியூக்குக்கு அதே 4 செண்டிமீட்டர் சாவு. குளிர்காலம் முழுவதும் அது கூட்டுப்புழுவாகப் புல் அடியில் கிடக்கிறது. குளிர்காலத்தில் மந்தையை நெருக்கி விட்டால் மிதிபடும்.

ஆகவே வேலியால் பிரித்து, தெற்கு முகத்தை ஒட்ட மேய்த்து, வடக்கு முகத்திலும் குழியிலும் ஆண்டுக்கு ஒரு பகுதியாக மெதுவாக மேய்க்க வேண்டும். ஆடு ஒட்டக் கடிக்கும்; மாடு நாக்கால் சுருட்டி இழுப்பதால் குத்துக் குத்தாகப் புல் மிஞ்சும், டியூக்குக்கு அது தோதான அமைப்பு. புதரை வெட்டுவதும் அதே முறைதான்: ஓரத்தை வளைத்து வளைத்து வெட்டி, ஏழெட்டு ஆண்டில் ஒரு சுற்று வர வேண்டும். ஒரேயடியாக மொட்டையடித்தால் திட்டுவது நியாயம்தான்.

#10 பூச்சிப்பித்தன்

சரி, ஏத்துக்கறேன். மொட்டையடிக்கற இடம் எனக்கும் தெரியும், பேரை இங்க சொல்ல வேணாம்.

நெடுந்தீவான், தேனீ பார்க்க மறந்துடாதீங்க. ஓஸ்மியா பைகலர், தலை நெஞ்சு கறுப்பு, வயிறு செங்காவி, மார்ச்சுல இருந்து ஜூன் வரை. காலி நத்தை ஓட்டுக்குள்ள மகரந்தம் வச்சு முட்டையிட்டு, மென்ன இலைக்கூழால அடைச்சு, ஓட்டைத் திருப்பி வாய் மறைய வைக்கும். அப்புறம் காய்ஞ்ச புல்தண்டு ஒண்ணொண்ணாக் கொண்டுவந்து கூரை போடும். உடம்பைவிட நாலு மடங்கு நீளத் தண்டோட பறக்கற தேனீயைப் பார்த்தா, அது இறங்கற இடத்துல நடமாடாதீங்க. காலி ஓட்டைப் பொறுக்கிட்டு வரவும் வேணாம்.

#11 சரிவுநடை

காலி ஓடு என்றதும் சொல்ல வேண்டியது: நார்த் டவுன்ஸ் குன்றுத்தொடரில் ஐந்து செண்டிமீட்டர் வரை வளரும் ரோமன் நத்தை உண்டு. 2008 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. கொல்வதும் பிடிப்பதும் குற்றம்.

புல்லில் முட்டு முட்டாக இருப்பது மஞ்சள் புல்வெளி எறும்பின் புற்று. பல பத்தாண்டு வயதுள்ளவையும் உண்டு, அதன் மேல் உட்காராதீர்கள். தைமும் ராக்-ரோஸும் அதன் உச்சியில் வளரும், பச்சை மரங்கொத்தி அங்கேதான் இறங்கும். வானம்பாடி தரையில் கூடு கட்டுவதால், நாய் கொண்டுபோனால் திறந்த அணுகல் நிலத்தில் (யாரும் நடக்க உரிமையுள்ள நிலம்) மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை 2 மீட்டருக்கு மிகாத கயிறு கட்டாயம்.

#12 கெண்ட்_தும்பை

ஆர்க்கிட் கேட்காமலே சொல்கிறேன், ஏனென்றால் படம் எடுக்கிறவர்களால் அதிகம் நசுங்குவது அதுதான். எர்லி ஸ்பைடர் ஆர்க்கிட் ஏப்ரல் நடுவில் இருந்து மே நடு வரை. டோவருக்குப் பக்கத்தில் சாம்ஃபயர் ஹோவில் பாருங்கள். சேனல் சுரங்கம் தோண்டிய சாக் மண்ணைக் கொட்டி உருவாக்கி 1997இல் திறந்த நிலம். அங்கே தானாக வந்து குடியேறியது. 10 முதல் 20 செண்டிமீட்டர்தான். பழுப்பு உதட்டில் சாம்பல் நீலத்தில் எழுத்துப் போல ஒரு குறி. வயதானால் உதடு மஞ்சளாக வெளுக்கும், அதைப் புது வகை என்று எண்ண வேண்டாம். ஆண் ஆண்ட்ரினா தேனீயைப் பெண் தேனீயின் மணத்தால் ஏமாற்றி மகரந்தம் ஏற்றும். 1981ஆம் ஆண்டு வனவுயிர், நாட்டுப்புறச் சட்டத்தின் எட்டாம் பட்டியலில் இருப்பதால் பறித்தால் குற்றம்.

பூத்த செடியைச் சுற்றிப் பூக்காத இலைக்கொத்துகள் தரையோடு கிடக்கும். அடுத்த ஆண்டுப் பூ அவைதான். முழங்கால் போடும் முன் கையால் தடவிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். முன்னால் நிற்கும் புல்லைப் பிய்த்துப் பின்னணி சுத்தம் செய்யும் பழக்கம் வேண்டவே வேண்டாம்; மறைப்பில்லாத பூவை முயல் கடித்துவிடும்.

நோர் ஹில் போனால் ஃப்ளை ஆர்க்கிட்டைப் புதர் ஓரத்தில் தேடுங்கள். உயரமாக நின்றாலும் பழுப்பும் மெலிவுமாக இருப்பதால் நேராகப் பார்த்தபடியே தாண்டிப் போய்விடுவோம். பாஸ்க்ஃபிளவர் ஆசை என்றால் ஹார்ட்ஃபட்ஷயரின் தெர்ஃபீல்டு ஹீத், ஆனால் ஏப்ரலில்.

#13 நெடுந்தீவான்

அக்கா, அண்ணைமார், பெரிய உபகாரம். அப்ப மே கடைசிச் சனி டென்பிஸ், அதுக்கு முதல் ஒரு பின்னேரம் ஹட்சின்சன்ஸ். படம் எடுக்க எந்த நேரம் நல்லது? மத்தியானம் எதுவும் ஒரு இடத்தில நிக்காதெண்டு நினைக்கிறன். வானம் மூடினால் திரும்பிறதோ?

#14 பூச்சிப்பித்தன்

திரும்பாதீங்க. மேகம் மூடினதும் நீலன்கள் புல்தண்டுல தலைகீழா உட்காரும், நாலஞ்சு சேர்ந்துகூட. டிஞ்சி ஸ்கிப்பர் காய்ஞ்ச பழைய பூத்தலையில அந்துப்பூச்சி மாதிரி இறகைக் கூரையா மடிச்சு ஒட்டிக்கும். சாயங்காலம் ஆறு மணியில இருந்து சரிவோட அடிவாரத்துல, நீட்டுப் புல் இருக்கற இடத்துல தேடுங்க. டென்பிஸ் தெற்கு முகம்ங்கறதால கடைசி வெயில் மேற்குப் பக்கமாச் சாய்ஞ்சு விழும். உங்க நிழல் பூச்சி மேல விழாத பக்கமா நின்னு, லென்ஸை இறகுக்கு இணையா வச்சு எஃப்8, படத்துல மணல் மாதிரிப் புள்ளி விழுமேன்னு பார்க்காம ஐஎஸ்ஓவை ஏத்திக்குங்க. கிரீன் ஹேர்ஸ்ட்ரீக் மட்டும் வேற மாதிரி: ஹாதார்ன் புதர்ல இறகை மூடிக்கிட்டு வெயிலுக்குப் பக்கவாட்டாச் சாயும். திறந்து உட்காராது, அதுக்காகக் காத்திருக்க வேணாம்.

பைனாகுலர் குறைஞ்சது எவ்வளவு கிட்டத்துல ஃபோகஸ் ஆகுதுன்னு வீட்டுலயே அளந்து பாருங்க. இரண்டு மீட்டருக்குள்ள வந்தா போதும். மூணுக்கு மேலன்னா விளிம்புக் கோடு தெரியாது, கேமராவையே நம்புங்க.

#15 ஆட்டுப்பட்டி

சாயங்காலம் நீட்டுப் புல்லில் என்றால் உண்ணி இருக்கும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் பின்புறம், இடுப்பு, அக்குள் பாருங்கள். கடித்திருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலுக்கு ஒட்டப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய், நெருப்பு ஒன்றும் வேண்டாம். பின்னால் வட்டமாகச் சிவந்து பரவினால் ஜிபியிடம் (குடும்ப மருத்துவர்) போக வேண்டும், லைம் நோயாக இருக்கலாம்.

பார்த்தவற்றை ஐரெக்கார்டு என்ற உயிரினப் பதிவுத் தளத்தில் போடுங்கள். ஆறிலக்க வரைபட எண் 100 மீட்டர்ச் சதுரத்தைக் காட்டும், வண்ணத்துப்பூச்சிக்கு அது போதும். ஹார்ஸ்ஷூ வெட்ச் பூத்த இடத்தையும் அதோடு குறித்துவையுங்கள். ஆகஸ்டில் அதே இடத்துக்கு இரண்டாம் தலைமுறைக்குப் போகலாம்.